வெப்பமானி இல்லாத வைத்தியம்

கொங்கு நாட்டுத் தோட்டங்களில் மோட்டார் அறைக்குள் சென்று பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். சுவரில் மாட்டியிருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டியில் வோல்ட்மீட்டர் ஒன்றும் அம்மீட்டர் ஒன்றும் இருக்கும். பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திய விவசாயியும் அவ்விரு முட்களைப் பார்த்தே மோட்டாரின் நிலையைச் சொல்லிவிடுவார். அம்மீட்டர் முள் வழக்கத்தைவிடத் தாழ்ந்து நின்றால், கிணற்றில் நீர் இறங்கிவிட்டது. மோட்டார் வெறுமனே சுழல்கிறது. முள் உயர்ந்து நின்றால், பேரிங் இறுகியிருக்க வேண்டும், அல்லது லைனில் மின்னழுத்தம் குறைந்திருக்க வேண்டும். எதுவென்பதைப் பக்கத்திலுள்ள வோல்ட்மீட்டர் சொல்லிவிடும். காயில் கருகும் முன்பே அவர் மோட்டாரை நிறுத்திவிடுவார்.

இன்று அதே விவசாயியின் வாசலில் மின்சாரக் கார் வந்து நிற்கிறது. பதினைந்து இலட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய அந்தக் காருக்குள் வெப்பநிலையையும் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் இடைவிடாமல் அளக்கும் உணர்கருவிகள் பல இருக்கின்றன. ஆயினும் முகப்புப் பலகையில் அவர் காண்பது பெரும்பாலும் இரண்டே எண்கள்: மீதமுள்ள மின்னேற்றம் இத்தனை விழுக்காடு, இன்னும் போகக்கூடிய தூரம் இத்தனை கிலோமீட்டர். கார் மெதுவாக மின்னேறுகிறது என்றாலோ, சென்ற ஆண்டைவிடக் குறைந்த தூரமே ஓடுகிறது என்றாலோ, காரணத்தை ஆராய அவர் கையில் ஒன்றும் இல்லை.

மின்சாரக் கார் நல்லதா, கெட்டதா என்று வழக்காடுவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. அதன் மின்கல அடுக்கில், அதாவது நாம் பாட்டரி என்று அழைக்கும் பகுதியில், குளிர்விப்புக் குறையோ மின்னேற்றக் குறையோ தோன்றும்போது அதைக் கண்டறியும் முறை இன்று எப்படி இருக்கிறது என்பதையே இங்கே திறனாய்வு செய்கிறோம். வாடிக்கையாளர் ஒரு குறையோடு போனால் அவருக்குப் பெரும்பாலும் மூன்று விடைகளில் ஒன்று கிடைக்கிறது. "வெயில் அப்படி" என்பது முதல் விடை. "மின்னேற்றியில் கோளாறு" என்பது இரண்டாவது. "சாப்ட்வேர் மாற்றினால் சரியாகிவிடும்" என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் அளந்து பாராமல் சொல்லும்போது மூன்றும் தட்டிக்கழிக்கும் பேச்சாகிவிடுகின்றன.

வெயில் என்னும் விடை

மின்கல அடுக்கு சூடாவதற்கு வெளி வெப்பம் ஒரு காரணம். உள்ளே ஓடும் மின்னோட்டம் மற்றொரு காரணம். இவ்விரண்டில் எது எவ்வளவு என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம்.

30 கிலோவாட் மணி கொள்ளளவும் 320 வோல்ட் மின்னழுத்தமும் உடைய ஓர் அடுக்கை எடுத்துக்கொள்வோம். அதன் அகத்தடை 0.1 ஓம், எடை 250 கிலோகிராம் என்று கொள்வோம். அதன் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 2,50,000 ஜூல் தேவை. கணக்கு எளிதாக அமைவதற்காக எடுத்துக்கொண்ட எண்கள் இவை. எனினும் உண்மைக் கார்களிலிருந்து வெகுவாக விலகியவை அல்ல.

இந்த அடுக்கை 10 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காடு வரை மின்னேற்ற 21 கிலோவாட் மணி ஆற்றல் வேண்டும். வீட்டில் 3.3 கிலோவாட் வீதத்தில் ஏற்றினால் அடுக்கில் பாயும் மின்னோட்டம் சுமார் 10 ஆம்பியர். மின்னோட்டத்தின் இருமடியை அகத்தடையால் பெருக்கினால் வெப்பம் கிடைக்கும் என்பது ஜூல் விதி. அதன்படி வெப்பம் 10 வாட் அளவே. ஆறரை மணி நேரம் ஏற்றி முடித்தாலும் அடுக்கு 1 டிகிரிதான் சூடாகும். நெடுஞ்சாலை நிலையத்தில் 50 கிலோவாட் வீதத்தில் ஏற்றினால் மின்னோட்டம் 156 ஆம்பியர். வெப்பம் 2,400 வாட்டுக்கு மேல். இருபத்தைந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் குளிர்விப்பு இல்லாவிட்டால் அடுக்கு 14 அல்லது 15 டிகிரி சூடாகியிருக்கும். நேரம் எத்தனை மடங்கு குறைகிறதோ, உண்டாகும் மொத்த வெப்பம் அத்தனை மடங்கு கூடுகிறது. விரைவுக்கு நாம் கொடுக்கும் விலை இது.

மே மாதத்துப் பிற்பகலில் கரூரிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ ஓடிவந்த காரின் அடுக்கு 38 டிகிரியில் இருப்பது வியப்பன்று. அதனோடு 15 டிகிரியைக் கூட்டினால் 53 ஆகிறது. லித்தியம் அயனி மின்கலம் விரும்பும் வெப்பநிலை ஏறத்தாழ 15 முதல் 35 டிகிரி வரைதான். 45 டிகிரியை ஒட்டிச் செல்லும்போதே மின்கல மேலாண்மை அமைப்பு, தன் கடமையாக, மின்னோட்டத்தைக் குறைக்கத் தொடங்கும். எனவே வெயிலில் மின்னேற்றம் மெதுவாவது ஓரளவு இயல்பே. அது நோய் அன்று, உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் முறை. இதே அமைப்பு, உறைபனி விழும் மார்கழி இரவில் உதகையில் நிறுத்திய காருக்கும் மின்னேற்ற வீதத்தைக் குறைக்கும். மின்கலம் மிகக் குளிர்ந்திருக்கும்போது வேகமாக ஏற்றினால் எதிர்மின்வாயின் மேல் லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும் என்பதே காரணம்.

ஆனால் இயல்பு எங்கே முடிகிறது, குறை எங்கே தொடங்குகிறது? இங்கேதான் "வெயில் அப்படி" என்னும் விடை தோற்றுப்போகிறது. அந்தக் கூடுதல் வெப்பத்தை வெளியே கொண்டுபோவதற்காகவே குளிர்விப்பு அமைப்பு இருக்கிறது. கிளைக்கால் கலந்த நீர், மின்கலங்களை ஒட்டிய தட்டுகள் வழியே ஓடி வெப்பத்தை ஏற்றுக்கொள்கிறது. வெயில் கடுமையாக இருந்தால் காரின் ஏ.சி. கம்ப்ரசரே அந்த நீரையும் குளிர்விக்கிறது. இந்த ஏற்பாடு சரியாக இயங்குகிறதா என்று பாராமல் வானத்தைக் கைகாட்டுவது எளிது. நூற்பாலையில் இழை அறுந்தால், "காற்று வறண்டிருக்கிறது, என்ன செய்வது?" என்று மேஸ்திரி கைகட்டி நிற்பதில்லை. ஈரப்பதமூட்டும் எந்திரம் ஓடுகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்.

வெயிலே உண்மையான காரணமாக இருந்த ஒரு வழக்கும் உண்டு. 2010-இன் இறுதியில் நிசான் நிறுவனம் லீஃப் என்னும் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 24 கிலோவாட் மணி கொள்ளளவு, 192 மின்கலங்கள், மூடிய பெட்டி. காற்றை ஊதும் விசிறியும் இல்லை, நீர்க் குளிர்விப்பும் இல்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கோடையில் 45 டிகிரியைத் தொடும் ஃபீனிக்ஸ் நகரத்தில், 2012-இல் அதன் உரிமையாளர்கள் முறையிடத் தொடங்கினர். கொள்ளளவைக் காட்டும் 12 கட்டங்கள் இரண்டே கோடைகளில் ஒவ்வொன்றாக மறைந்தன. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் மின்கலத்தைத் தேய்க்கும் வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்னும் பொதுவிதியை நினைத்தால் இதில் வியப்பில்லை. 2012 டிசம்பரில் நிறுவனம் ஒரு புதிய உறுதிமொழியை அறிவித்தது: ஐந்து ஆண்டு அல்லது 60,000 மைலுக்குள் கட்டங்கள் ஒன்பதுக்குக் கீழே இறங்கினால் சரிசெய்து தரப்படும். 2015-ஆம் ஆண்டு மாதிரியில் வெப்பத்தைத் தாங்கும் மின்கலங்களும் இடம்பெற்றன.

இந்த வழக்கு நமக்குச் சொல்வது என்ன? வெயிலே காரணமாயினும் அது முடிவான விடை ஆகாது. வெயிலைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாத வடிவமைப்பே குறை. உரிமையாளர்கள் தம் வாதத்தை நிலைநிறுத்த முடிந்ததற்கும் காரணம் உண்டு. அந்தக் காரின் முகப்பில், கட்டங்களாகவேனும், கொள்ளளவைக் காட்டும் ஓர் அளவுமானி இருந்தது. அது இல்லாதிருந்தால், "நீங்கள் வேகமாக ஓட்டுகிறீர்கள்" என்னும் ஒரு சொல்லில் வழக்கு முடிந்திருக்கும்.

மின்னேற்றி என்னும் விடை

வீட்டில் மின்னேறாத கார்களைப் பொறுத்தவரை இவ்விடை பெரும்பாலும் சரியானது. ஆயினும் குறை பெட்டிக்குள் இருப்பது அரிது. அது சுவரில் இருக்கும்.

3.3 கிலோவாட்டுக்கு 230 வோல்ட் மின்சாரத்தில் 14 ஆம்பியருக்குச் சற்று மேல் பாய வேண்டும். இந்த மின்னோட்டம் இரவு முழுவதும் ஒரே பிளக் வழியே பாய்கிறது. இஸ்திரிப் பெட்டிக்கும் வெந்நீர் ஹீட்டருக்கும் சிறிது நேரம் பயன்பட்ட பழைய சாக்கெட்டின் பித்தளைத் தகடு தளர்ந்து, தொடுமிடத்தில் 0.1 ஓம் தடை உண்டாகியிருந்தால், அங்கே 20 வாட் வெப்பம் தோன்றும். முன் கணக்கில் 250 கிலோகிராம் அடுக்கிலிருந்த அதே 0.1 ஓம்தான் இது. அங்கே இரவு முழுவதற்கும் 1 டிகிரி. இங்கே கட்டை விரல் அளவுள்ள பிளக்கில் அது பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். மின்னேற்றம் தொடங்கிய அரை மணியில் பிளக்கின் மேல் கையை வைத்துப் பாருங்கள். வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால், காரை விட்டுவிட்டு எலக்ட்ரீசியனை அழைப்பதே அறிவு.

இரண்டாவது, எர்த். காரோடு தரப்படும் மின்னேற்றி, நில இணைப்புச் சரியாக இல்லையென்றால் வேலை செய்ய மறுக்கும். பங்குனி, சித்திரையில் எர்த் குழி வறண்டு, அதன் தடை உயர்கிறது. மாசி வரை நன்றாக மின்னேறிய கார் சித்திரையில் மறுத்தால், குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகு காரைக் குறை சொல்லலாம். மூன்றாவது, மின்னழுத்தம். லைனின் கடைக்கோடியிலுள்ள தோட்டத்து வீட்டுக்கு 180 வோல்ட் மட்டுமே வந்தால் அதே 14 ஆம்பியர் சுமார் 2.5 கிலோவாட்டையே தரும். பத்து மணி நேர வேலை ஏறத்தாழ பதின்மூன்று மணி நேரம் பிடிக்கும். இதில் காரின் குற்றம் ஏதும் இல்லை.

நெடுஞ்சாலை நிலையங்களில் வேறு வகைக் குழப்பம். பலகையில் 60 கிலோவாட் என்று எழுதியிருக்கும். இரண்டு கார்கள் சேர்ந்து நின்றால் பங்கு பாதியாகிவிடலாம். தகரக் கூரையின் கீழ் நிற்கும் எந்திரம் தானே சூடாகித் தன் வீதத்தைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. ஆகவே குறை காரிலா, நிலையத்திலா என்று அறியச் சோதனைச்சாலை முறையே வழி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். அதே காரை வேறு நிலையத்தில் ஏற்றிப் பார்க்கலாம். அதே நிலையத்தில் வேறு காரை ஏற்றிப் பார்க்கலாம். அதே காரை அதே நிலையத்தில் வேறு வேளையில் ஏற்றிப் பார்க்கலாம்.

என்னோடு பணியாற்றும் வேதியியல் ஆசிரியர் ஒருவரின் காரில் இம்முறையைக் கையாண்டு பார்த்தோம். அவர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். சென்ற கோடையில் அவருடைய காருக்கு விரைவு மின்னேற்றம் மிகவும் மெதுவாகிவிட்டது. பழுதுபார்க்கும் இடத்தில் முதலில் வெயில் என்றார்கள். அடுத்த முறை சாப்ட்வேர் என்றார்கள். காரை விற்றுவிடலாமா என்னும் அளவுக்கு அவர் சலித்துப்போனார். காரின் ஸ்டீயரிங்குக்குக் கீழே, மெக்கானிக்குகள் கருவி பொருத்தும் இணைப்பில், செல்போனுக்குச் செய்தி அனுப்பும் சிறு வாசிப்பான் ஒன்றைச் செருகினோம். காரின் முகப்பு காட்டாத எண்கள் அதில் தெரிந்தன.

பிற்பகல் இரண்டரை மணிக்கு அடுக்கின் வெப்பநிலை 44 டிகிரி. மின்னேற்றம் 18 கிலோவாட். அடுத்த ஞாயிறு காலை ஆறரைக்கு, அதே நிலையம், அதே அளவு மீத மின்னேற்றம். வெப்பநிலை 28 டிகிரி, மின்னேற்றம் 42 கிலோவாட். எனவே நிலையமும் குற்றமற்றது, மின்கலங்களும் குற்றமற்றவை. வெப்பம்தான் தடை. அப்போது நண்பர் ஒன்றைச் சொன்னார்: "காருக்குள்ளே ஏ.சி.யும் முன்போலக் குளிர்வதில்லை." அதையும் ஒரு தனிக் குறையாக அவர் முன்பே எழுதிக்கொடுத்திருந்தார். இரண்டுக்கும் கம்ப்ரசர் ஒன்றே என்பதை எவரும் இணைத்துப் பார்க்கவில்லை. முன்பக்கக் கிரில்லைக் கழற்றினால், கண்டென்சர் தகடுகளின் இடைவெளி முழுவதும் தென்னை நார்க் கழிவின் தூசி ஈரத்தோடு அப்பி, களிமண்போல் காய்ந்திருந்தது. அவர் நாள்தோறும் நார்க் களங்கள் வழியாக வருபவர். மென்மையாக நீரடித்துக் கழுவிய பிறகு, அதேபோன்றதொரு பிற்பகலில் அடுக்கு 37 டிகிரி. மின்னேற்றம் 36 கிலோவாட். செலவு, ஒரு வாளி தண்ணீர்.

இங்கே திறமைக் குறைவைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கார் தன் மின்னேற்ற வீதத்தைக் குறைத்தபோது, "வெப்பத்தால் குறைக்கிறேன்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முதல் நாளே வழி தெரிந்திருக்கும். குறைப்பதற்கான காரணம் காருக்குத் தெரியும்; தெரிந்துதான் குறைக்கிறது. ஆனால் உரியவருக்குச் சொல்வதில்லை.

மென்பொருள் என்னும் விடை

மென்பொருளை மாற்றுவது ஏமாற்று வேலை அன்று. மின்கல மேலாண்மை அமைப்பே ஒரு கணிப்பொறி; அதன் கணக்கில் பிழை இருந்தால் திருத்தத்தான் வேண்டும். 2018-இல் வந்த 40 கிலோவாட் மணி லீஃப் காரில், ஒரே நாளில் இரண்டாம் முறை விரைவு மின்னேற்றம் செய்தபோது வீதம் மிகவும் வீழ்ந்தது. பலர் முறையிட்டபின் நிறுவனம் மென்பொருளைத் திருத்தியது. நிலைமை ஓரளவு சீரடைந்தது. ஆனால் குளிர்விப்பு இல்லாத அடுக்கு குளிர்விப்பு இல்லாத அடுக்காகவே இருந்தது. மென்பொருள் வெப்பத்தை வெளியேற்றாது. எவ்வளவு வெப்பத்தைப் பொறுத்துக்கொள்வது என்று முடிவு செய்யும், அவ்வளவே.

இதைவிடக் கடுமையான பாடம் ஹூண்டாய் கோனா காரினது. 2019-இல் நம் நாட்டில் அறிமுகமாகி, சென்னையை அடுத்த தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட கார் இது. பல நாடுகளில் இக்கார்கள் சில தீப்பற்றியதை அடுத்து 2020-இல் நிறுவனம் அவற்றைத் திரும்ப அழைத்தது. இந்தியாவிலும் 456 கார்கள் அழைக்கப்பட்டன. கொரியாவில் முதலில் செய்த சிகிச்சை, மேலாண்மை அமைப்பின் மென்பொருளை மாற்றுவது. 2021 ஜனவரியில், அவ்வாறு மாற்றப்பட்ட ஒரு கார் டேகு நகரில் மீண்டும் தீப்பற்றியது. அடுத்த மாதமே, உலகெங்கும் சுமார் 82,000 வண்டிகளின் மின்கல அடுக்குகளை மாற்ற நிறுவனம் முன்வந்தது. மின்கலத்தின் உள்ளே மின்வாய்த் தகடு மடிந்திருந்தது என்பதே சந்தேகிக்கப்பட்ட காரணம். மடிந்த தகட்டை மென்பொருளால் நிமிர்த்த முடியாது. காய்ச்சலுக்குக் காரணம் காணாமல் மாத்திரை கொடுத்ததற்கு ஒப்பான செயல் இது.

தீ என்பது நமக்குத் தொலைவிலுள்ள செய்தியும் அன்று. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் மின்னேற்றத்திலிருந்த ஸ்கூட்டர் தீப்பற்றித் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அவ்வாண்டு நேர்ந்த இத்தகைய விபத்துகளுக்குப் பின் மத்திய அரசு மின்கலப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கி, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரு கட்டங்களில் நடைமுறைப்படுத்தியது. மின்கலம் கட்டுமீறிச் சூடாகத் தொடங்கினால் ஒலியாலும் ஒளியாலும் எச்சரிக்க வேண்டும் என்பதும் அவ்விதிகளில் அடங்கும். இது பாராட்டத் தக்கதே. ஆயினும் தீ எச்சரிக்கை என்பது கடைசி மணி. அதற்கு முன் நூறு நாள்களாக ஏறிவந்த வெப்பத்தைக் காட்டுவது வேறு. அதைத்தான் நாம் கேட்கிறோம்.

விழுக்காடு என்னும் எண்

முகப்பில் தெரியும் விழுக்காட்டைப் பலர் பெட்ரோல் அளவைப்போல் அளந்த எண் என்று கருதுகின்றனர். அது அளந்த எண் அன்று, கணித்த எண். உள்ளே சென்ற மின்னோட்டத்தையும் வெளியே வந்த மின்னோட்டத்தையும் கூட்டிக் கழித்து, மின்னழுத்தத்தோடு ஒப்பிட்டுக் கார் செய்யும் ஊகம் அது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலத்தில் இந்த ஊகம் மேலும் கடினம். அதன் மின்னழுத்தம் 20 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காடு வரை 3.3 வோல்ட்டை ஒட்டியே நின்றுவிடும். எனவே சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போய், ஒரு நாள் 18 விழுக்காடு திடீரென்று 6 ஆகக் குறையும். மின்கலம் கெட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை. இவ்வகை அடுக்கை அவ்வப்போது 100 விழுக்காடு வரை மெதுவாக ஏற்றினால் கணக்கு நேராகும். அதன் பிறகும் அப்படியே வீழ்ந்தால், வரிசையில் ஏதோ ஒரு மின்கலம் மற்றவற்றைவிட நலிந்திருக்கிறது என்று ஐயுறலாம்.

மேலும், விழுக்காடு எதன் விழுக்காடு? தூர்ந்துபோன கிணறும் மழைக்குப்பின் விளிம்பு வரை நிரம்பித்தான் நிற்கும். ஆனால் அதில் எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்பது ஆழத்தைப் பொறுத்தது. அதுபோல, நலிந்த அடுக்கும் 100 என்றே காட்டும். ஆழத்தைக் காட்டுவது கொள்ளளவு நலம் என்னும் வேறோர் எண். பல கார்கள் அதை உரிமையாளருக்குக் காட்டுவதில்லை.

காட்டாவிட்டாலும் வாசகர்கள் அதை ஏறத்தாழக் கண்டறியலாம். மின்னேற்றும் இணைப்பில் ஒரு யூனிட் மீட்டர் பொருத்திக்கொள்ளுங்கள். 20 விழுக்காட்டிலிருந்து 100 வரை ஒரே மூச்சில் ஏற்றி, எத்தனை யூனிட் ஆயிற்று என்று எழுதுங்கள். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. அதில் ஏறத்தாழ 12 விழுக்காடு மின்னேற்றியிலும் வழியிலும் வெப்பமாக வீணாகும் என்று கொள்ளலாம். 30 கிலோவாட் மணி அடுக்கு புதிதாக இருக்கும்போது 27 யூனிட் வாங்கும். சில ஆண்டுகளுக்குப் பின் 22 யூனிட்டிலேயே நிரம்பிவிட்டால், கொள்ளளவு சுமார் 24 கிலோவாட் மணியாகக் குறைந்திருக்கிறது. அதாவது ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. ஒரு முறை பார்த்து முடிவு செய்யாமல் மூன்று நான்கு முறை பார்த்துச் சராசரி எடுங்கள். ஆண்டுதோறும் அதே மாதத்தில் செய்யுங்கள். எட்டு ஆண்டு உத்தரவாதத்தைக் காட்டி முறையிடும் நாளில் அந்த நோட்டுப் புத்தகம் பேசும்.

பழைய காலத்தில் இது இவ்வளவு மறைவாக இருந்ததில்லை. 1993-இல் டில்லிக் கண்காட்சியில் அறிமுகமான லவ்பேர்ட் என்னும் சிறு மின்சாரக் கார், கேரளத்தின் சாலக்குடியிலும் நம் கோவையிலும் தயாரானது. ஈய அமில மின்கலத்தால் ஓடிய அக்கார் செங்குத்தான மேடுகளில் ஏறமுடியாமல் திணறியது, சந்தையில் நிலைக்கவில்லை. ஆனால் ஈய அமில மின்கலத்தின் நலிவை அறியத் தெருமுனை பாட்டரிக் கடை போதும். மூடியைத் திறந்து ஹைட்ரோமீட்டரை விட்டால் அமிலத்தின் ஒப்படர்த்தி 1.28 என்றோ 1.15 என்றோ தெரிந்துவிடும். மின்கலம் வெகுவாக முன்னேறிவிட்டது. அதை அறியும் உரிமையோ பின்னுக்குப் போய்விட்டது.

மறுப்பும் மறுமொழியும்

"எண்களைக் காட்டினால் வாடிக்கையாளர் வீணாக அஞ்சுவார்" என்று நிறுவனங்களின் சார்பில் சொல்லப்படுவதுண்டு. இதில் சிறிது நியாயம் உண்டு. 41 டிகிரியைப் பார்த்தவுடன் காய்ச்சல் என்று ஓடிவருபவரும் இருப்பார். ஆனால் டீசல் லாரிகளிலும் பழைய கார்களிலும் எஞ்சின் வெப்பத்தைக் காட்டும் முள் பல்லாண்டுகளாக இருந்துவந்திருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் ஓட்டுநர் அம்முள்ளைப் பார்த்து, ஏறினால் ஓரத்தில் நிறுத்தி ஆறவிட்டுத்தான் மேலே போனார். அவர் அஞ்சிக் காரைக் கைவிடவில்லை. அளவறிந்து ஓட்டக் கற்றுக்கொண்டார்.

உலகமும் இத்திசையிலேயே நகர்கிறது. 2022-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் வாகன விதிப் பேரவை ஏற்றுக்கொண்ட 22-ஆம் உலகப் பொதுவிதி, அடுக்கின் கொள்ளளவு நலத்தை உரிமையாளர் அறியத்தர வேண்டும் என்கிறது. ஐந்து ஆண்டு அல்லது ஒரு இலட்சம் கிலோமீட்டரில் 80 விழுக்காடும், எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டரில் 70 விழுக்காடும் எஞ்சியிருக்க வேண்டும் என்பது அதன் அளவுகோல். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2027 பிப்ரவரி முதல் ஒவ்வொரு மின்சாரக் கார் அடுக்குக்கும் மின்னணுக் குறிப்பேடு ஒன்று இருக்க வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை நான்கே. அடுக்கில் மிகச் சூடான மின்கலத்தின் வெப்பநிலையும் மிகக் குளிர்ந்ததன் வெப்பநிலையும் முகப்பில் தெரிய வேண்டும். மின்கலங்களிடையே உள்ள மின்னழுத்த வேறுபாடு தெரிய வேண்டும். கொள்ளளவு நலம் தெரிய வேண்டும். யாவற்றினும் முதன்மையாக, கார் தன் மின்னேற்ற வீதத்தைக் குறைக்கும்போது அது வெப்பத்தாலா, மின்கல நலிவாலா, நிலையத்தின் குறையாலா என்று ஒரு வரியில் சொல்ல வேண்டும். இதற்குப் புதிய உணர்கருவி எதுவும் வேண்டாம். இருப்பவற்றின் வாயைத் திறந்தால் போதும். பழுதுபார்க்கும் இடங்களும், "சரிசெய்யப்பட்டது" என்று ரசீதில் எழுதுவதை விட்டு, எதை அளந்தோம், எவ்வளவு இருந்தது, எவ்வளவாயிற்று என்று எழுதித்தர வேண்டும்.

வாகனங்களின் அளவுமானிகளைச் செய்து நாடெங்கும் அனுப்பும் பிரிக்கால் போன்ற தொழிற்சாலைகள் உள்ள ஊர் கோவை. பம்பையும் மோட்டாரையும் செய்வதோடு, அவற்றின் நோயை அறியும் முறையையும் விவசாயிக்குக் கற்றுக்கொடுத்த ஊர். நம் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் மின்சாரக் காரைப் பிரித்துப் பூட்டுவதை மட்டுமன்றி, அளந்து நோய் காண்பதையும் பாடமாக்க வேண்டும். வாங்குபவர்களும், "ஒரு முறை ஏற்றினால் எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்டு நிறுத்திக்கொள்ளாமல், "வெப்பநிலையை எங்கே காட்டுகிறது?" என்று இரண்டாவது கேள்வியையும் கேட்கட்டும். கடைக்கு வரும் பத்துப் பேரில் நான்கு பேர் அதைக் கேட்கத் தொடங்கினால், அடுத்த மாதிரியில் அந்த எண் தானாக முகப்புக்கு வந்துவிடும்.